அத்தாவுக்கு வக்காலத்து

எங்கள் கல்லூரி வாசகர் வட்டத்தில் ஏழு பேர் இருந்தோம். நாவல் ஒன்றுதான். நூலகத்தில் எந்தக் கதைப் புத்தகத்துக்கும் இரண்டாவது பிரதி கிடையாது. ஆளுக்கொன்று விலைக்கு வாங்குகிற வீட்டிலிருந்து எங்களில் யாரும் வரவில்லை. அதனால் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரி, ஆளுக்கு இரண்டு நாள் என்று முறை வைத்துப் படித்தோம். வட்டத்தின் செயலாளர் நான். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் கூட்டத்தில் நான்தான் அதிகம் சத்தம் போட்டேன், பதவி தானாக வந்து ஒட்டிக்கொண்டது. முறைப் பட்டியலில் முதல் இடத்தை எப்போதும் எனக்கே எழுதிக்கொள்வேன். யாராவது கேட்டால் சுள்ளென்று கோபம் வரும். அந்தக் குணம் இன்றைக்கும் போகவில்லை.

கல்லூரி மன்னார்குடியில். புதன்கிழமை மதியத்துக்கு மேல் நூலகத்தின் பின்னறையில் கூடுவோம். பழைய செய்தித்தாள் கட்டுகளும் கால் உடைந்த பெஞ்சுகளும் போக மிச்சமிருந்த இடம் எங்களுடையது. நாலே முக்காலுக்கு என் பஸ். அதற்குள் ஒரு நாவலின் அத்தனை பேரையும் விசாரித்து முடித்துவிட வேண்டும். எங்களில் இரண்டு பேருக்கு ஒரே பெயர் என்பதால் குழப்பம் வராமலிருக்க ஊர்ப்பெயரிலேயே கூப்பிடத் தொடங்கினோம். விடுதியில் தங்கிப் படித்த குத்தாலமும் திருக்காட்டுப்பள்ளியும் இன்னும் என் போனில் அப்படித்தான் இருக்கிறார்கள். குத்தாலம் ஒரு பையன், திருக்காட்டுப்பள்ளி ஒரு பெண்.

ஆரம்பத்தில் எங்களுக்கு நாவலைப் பற்றிப் பேசவே தெரியவில்லை. "நல்லா இருந்துச்சு", "நடுவுல கொஞ்சம் போர்", "கடைசில அழுதுட்டேன்", இவ்வளவுதான். ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு இன்டர்னல் மார்க்குக்குப் போய்விடும். இல்லாவிட்டால் வயலுக்குப் போய்விடும். ஒருமுறை, சித்திரை மாத வெயிலில் நடவு நட்டுக்கொண்டே அழுகிற ஒரு பெண்ணின் கதை. திருக்காட்டுப்பள்ளி புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டு, "சித்திரையில எவ நடவு நடுறா? ஆத்துல மணலுதான் கெடக்கும்" என்றாள். போர்செட் இருந்திருக்கும் என்றான் ஒருவன். போர்செட்டில் நட்டால் எந்த ரகம், எத்தனை நாள் நாற்று என்று ஒன்றரை மணி நேரம் போனது. அந்தப் பெண் கதையின் முடிவில் செத்துப்போகிறாள். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பஸ்ஸில் ஏறின பிறகுதான் எனக்கே உறைத்தது.

வழி கண்டுபிடித்தவன் குத்தாலம். அவனுடைய சித்தப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. கோர்ட்டுப் பேச்சு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "ஆளாளுக்குத் தீர்ப்புச் சொல்றோம், ஒருத்தனும் கட்சிக்காரனுக்காகப் பேசலியே. ஆளுக்கு ஒரு கேரக்டர எடுத்துக்கிட்டு வக்காலத்துப் போட்டுப் பேசுவோம்" என்றான். அன்றிலிருந்து அதுதான் எங்கள் வழக்கம். நாவலில் வருகிற ஆட்களைச் சீட்டில் எழுதி, என் டிபன் பாக்ஸ் மூடியில் போட்டுக் குலுக்குவோம். யார் பெயர் வருகிறதோ, அவராகவே இருந்து பேச வேண்டும். 'அவன்' என்று சொல்லக் கூடாது, 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'எழுத்தாளர் இப்படி எழுதியிருக்கார்' என்று தப்பிக்கக் கூடாது. பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து குறுக்கு விசாரணை செய்வார். பெரும்பாலும் அது நான்தான், சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு கூட்டம் சூடு பிடித்தது. மருமகளை வதைக்கிற ஒரு மாமியாருக்கு வக்காலத்துப் போட்ட திருக்காட்டுப்பள்ளி, சமையலறைச் சாவியை ஏன் கொடுக்க மாட்டேன் என்று பேசிய பேச்சில் நாங்கள் அத்தனை பேரும் மாமியார் பக்கம் சாய்ந்துவிட்டோம். குடித்துவிட்டுத் தங்கையை அடிக்கிற அண்ணனுக்காகப் பேச எழுந்த குத்தாலம், பாதியில் நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்காமலிருக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டோம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் நான் கற்றுக்கொள்ளவில்லை. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

வட்டத்தில் எனக்கு நெருக்கமானவள் வேதியியல் படித்த ஒருத்தி. நான் பி.காம். இருவருக்கும் ஒரே பஸ். நான் எட்டாவது கிலோமீட்டரில் இறங்கிவிடுவேன், அவள் இன்னும் அரை மணி நேரம் போக வேண்டும். அவளுடைய ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடா நாட்டில் இருப்பார்கள். வெளிநாடு போவதை அங்கே சபர் என்பார்கள். அவளுடைய அத்தாவும் சபரில்தான் இருந்தார். அப்பாவை அவர்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரு மளிகைக் கடையில் வேலை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வந்துவிட்டுப் போவார். அவள் அதிகம் பேச மாட்டாள். புத்தகத்தில் பிடித்த வரிகளின் கீழே பென்சிலால் கோடு போடுவாள். அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் ரப்பரால் அழிப்பாள். அழித்த தடம் தெரியும். அதைச் சொல்லிக் கேலி செய்வேன்.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் குத்தாலம் ஒரு நாவல் கொண்டுவந்தான். தஞ்சாவூர் புத்தகக் கண்காட்சியில் வாங்கியது. ஒரு மனிதன் பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போகிறான், ஏழு வருடம் கழித்து வருகிறான். அவனுடைய மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு 'யாரும்மா இது?' என்று கேட்கிறாள். சில நாள் இருக்கிறான். திரும்பவும் போய்விடுகிறான். அவ்வளவுதான் கதை. முதல் முறையில் படித்த எனக்கு அந்த ஆளின் மேல் அடங்காத கோபம். கடைசி முறை என் தோழிக்கு. படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் புத்தகத்தோடு வந்தாள்.

அப்போது அவளுடைய அத்தா லீவில் ஊருக்கு வந்திருந்தார். அது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை பஸ்ஸில் ஒரு பை நிறைய சாக்லேட் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கு இரண்டு கை அள்ளிக் கொடுத்தாள். தெரிந்தும்தான் நான் அப்படிப் பேசினேன்.

புதன்கிழமை மூடியைக் குலுக்கினோம். அவளுக்கு வந்த சீட்டில் 'அப்பா' என்று இருந்தது. படித்தாள், திரும்ப மடித்தாள்.

"வேற எடுத்துக்கட்டுமா?" என்றாள்.

"விதின்னா விதிதான்" என்றேன்.

"எனக்கு வராது."

"ஒரு அப்பாவுக்காகப் பேசுறதுல என்ன வராது? ஒண்ணு சொல்றேன், அந்தாளுக்காகப் பேசுறதுக்கு ஒண்ணுமே இல்ல. அதனாலதான் வரல. அவன் அப்பனே கெடையாது. ஏடிஎம்."

அறை சிரித்தது. நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அவள் கொடுத்த சாக்லேட் அப்போது என் கடைவாயில் இருந்தது.

அவள் சீட்டை மேசையில் வைத்தாள். புத்தகத்தையும் பையையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் வராந்தாவுக்கு ஓடினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "சும்மா கதைதானே, இதுக்குப் போயி இவ்ளோ ரோஷமா?"

அவள் நின்றாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"அத்தா வந்து ஒரு மாசம் ஆகப் போவுது. நான் அவங்ககிட்ட 'சாப்பிடுறீங்களா', 'டீ வேணுமா'ன்னு கேட்டதோட சரி. அவங்க 'படிப்பெல்லாம் எப்படிம்மா போவுது'ங்குறாங்க. நான் 'நல்லா போவுது'ங்குறேன். அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வர மாட்டேங்குது. இன்னும் நாலு வாரத்துல போயிடுவாங்க. போனா மூணு வருஷம். நேர்லயே பேச வராதவள, கூட்டத்துல எழுந்து அவங்களா நின்னு பேசுங்குற."

"அது நாவல்ல வர்ற அப்பாதானேடி..." என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு எங்கள் பஸ்ஸில் அவள் இல்லை.

என் ஊர் நிறுத்தத்தில் அப்பா வழக்கம்போல வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். நான் கல்லூரி சேர்ந்த நாளிலிருந்து அங்கே நிற்கிறார். எங்களுக்கு மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர். அவருடைய அப்பா காலத்தில் அடுத்தவர் வயலில்தான் வேலை. சொந்தமாக வந்த மூன்று மாவைவிட, நான் படிப்பதுதான் அவருக்குப் பெருமை. சேற்றுக் காலோடு நிற்பார். பஸ்ஸிலிருக்கிறவர்கள் பார்ப்பார்களே என்று அதற்கும் நான் சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கு என்னைப் பார்த்ததும், "ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா, ஓட்டுங்க."

பின்னால் உட்கார்ந்து வரும்போது வெட்கமாக இருந்தது. நான் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் என் முகத்தைப் படிக்கிற அப்பா எனக்கு வாய்த்திருக்கிறார். தினமும் சண்டை போட்டு, தினமும் சமாதானமாகிற அளவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். இந்தக் கொழுப்பில்தான் ஊரில் இருக்கிற அப்பாக்களுக்கெல்லாம் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். காற்றில் தூசி விழுந்துவிட்டது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனால் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் வேறு பஸ்ஸில் போய்வந்தாள். அடுத்த புதன்கிழமை கூட்டத்துக்கும் வரவில்லை. "அப்பா கட்சிக்கு வக்கீல் ஆஜராகல, வாய்தா" என்றான் குத்தாலம். யாரும் சிரிக்கவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. எழுதின செய்தியைப் பார்த்ததற்கு அடையாளம் மட்டும் வந்தது. நாள் போய்க்கொண்டிருந்தது. என் நட்பு போனது ஒரு பக்கம். அவளுக்கு இருந்த நான்கு வாரத்தில் ஒரு வாரத்தை என் வாய்க்கொழுப்பு விழுங்கிவிட்டது என்பதுதான் தாங்க முடியவில்லை. அத்தாவிடம் பேச வராமல் திணறிக்கொண்டிருந்தவளுக்கு, அப்படிப்பட்ட அப்பாக்களைப் பற்றி ஊரே என்ன நினைக்கிறது என்று காட்டிவிட்டேன். சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். புத்தகம் அவளிடம்தான் இருந்தது. அதை வாங்கப் போவதாகச் சாக்கு வைத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தது அவளுடைய அத்தா. கட்டம் போட்ட கைலி, வெள்ளை பனியன், நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. கையில் எங்கள் நாவல். பக்கம் தவறிவிடாமல் விரலை உள்ளே வைத்திருந்தார்.

"வாம்மா. காலேஜ்ல கூடப் படிக்கிற புள்ளையா? உக்காரு. அவ அம்மா கல்யாண வீட்டுக்குப் போயிருக்காங்க. புள்ள உள்ளதான் இருக்கு" என்றார். உள்பக்கம் திரும்பி, "உன் கூட்டாளி வந்திருக்கு" என்று குரல் கொடுத்தார். சமையலறைத் திரை விலகியது. அவள் என்னைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், "டீ போடுறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். எனக்கும் பேச ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. புத்தகத்தைப் பார்த்தபடி, "படிக்கிறீங்களா அங்கிள்?" என்றேன்.

"நான் படிக்கிற ஆளு இல்லம்மா. அங்க ரூம்ல சாமான் சுத்தி வந்த பேப்பரப் படிச்சிருக்கேன், அவ்வளவுதான். இது மேசை மேல கெடந்துச்சு. புள்ள என்னதான் படிக்குதுன்னு எடுத்தேன். எடுத்தா வைக்க முடியல" என்றார். கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, புத்தகத்தின் அட்டையைத் தடவினார். "நீங்கல்லாம் கூடி இதப் பத்திப் பேசுவீங்களாமே, அவ அம்மா சொன்னாங்க. ஊருக்குத் திரும்பி வர்றான் பாரு, இந்த ஆளு. இவனப் பத்தி என்ன பேசுனீங்க?"

திரைக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது.

பொய் சொல்லலாம். 'பாவம்னு பேசினோம்' என்றால் முடிந்தது. ஆனால் அவள் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். பொய் சொன்னால் அவளையும் சேர்த்து அந்தப் பொய்க்குள் இழுத்ததாக ஆகும்.

"நான் தப்பாப் பேசிட்டேன் அங்கிள். ஏடிஎம்னு சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார், நிஜமாகவே சிரித்தார். "எங்க ரூம்லயும் அப்படித்தாம்மா சொல்லிக்குவோம். தப்பில்ல" என்றார். எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கத்தைத் தேடினார். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காங்க. ஒரே ஒரு எடந்தான் எனக்கு ஒத்துக்கல. மகளுக்கு ஒரு கவுன் கொண்டாந்திருக்கான் பாரு. 'அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது'ன்னு போட்டிருக்கு. அது எப்படிம்மா? ஏழு வருஷம் பாக்காத புள்ளைக்கு அளவு எப்படிச் சரியா இருக்கும்?"

அந்த வரியை நாங்கள் ஏழு பேரும் படித்திருக்கிறோம். சித்திரையில் நடவு நட்டதைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள். இதை ஒருவரும் பார்க்கவில்லை.

"நான் கடைல போயி நிப்பேன்" என்றார். "அந்தப் பொண்ணு பாஷை தெரியாத பொண்ணு, என்ன சைஸுன்னு கேக்கும். நான் கைய வச்சுக் காட்டுவேன். போன தடவ போறப்ப இடுப்பு வரைக்கும் இருந்துச்சு. வளந்திருக்கும்லன்னு நாலு விரல் கூட்டிக் காட்டுவேன். இங்க வந்து குடுத்தா பத்தாது. ஒரு தடவ ஏமாறக் கூடாதுன்னு பெருசா எடுத்தேன், அதுவும் ஒத்து வரல. அவ அம்மாட்டக் கேட்டா, 'எதுக்கு வீணா, இங்கயே எடுத்துக்கறோம்'பாங்க. இப்பதான் வீடியோ கால்லாம் வந்துருச்சே, பாத்துக்கலாமேம்பாங்க. அதுல மூஞ்சிதாம்மா தெரியும். உயரம் தெரியாது."

புத்தகத்தை மூடினார்.

"அப்புறம் துணி எடுக்குறத விட்டுட்டேன். செண்டு, சாக்லேட்டுன்னு வாங்கிட்டு வந்துடுவேன். அதுக்கு அளவு பாக்க வேணாம்ல."

திரை விலகியது. அவள் டீ கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு வந்து கதவோரமாக நின்றாள்.

"நான் போட்டேன்" என்றாள்.

அவர் திரும்பினார்.

"அந்தத் துணியெல்லாம் நான் போட்டேன் அத்தா. பத்தாட்டியும் போட்டேன். நீங்க போனதுக்கு அப்புறம் போட்டுப் பாப்பேன். அக்குள்ல பிடிக்கும், கை தூக்க முடியாது. அப்படியே உக்காந்திருப்பேன். நீங்க கொண்டு வர்றத நிறுத்தினதும்... எனக்குன்னு எதுவும் வாங்கத் தோணல போலன்னு நெனச்சுக்கிட்டேன். ஊருக்கே குடுக்குற சாக்லேட்டத்தானே எனக்கும் குடுத்தீங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. அத்தனை வார்த்தையை ஒரே தடவையில் அவள் பேசி நான் கேட்டதில்லை. அவளுடைய அத்தாவும் கேட்டிருக்க மாட்டார். அவர் எழுந்து நின்றார்.

"இங்க வாம்மா" என்றார்.

அவள் வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவர் உள்ளங்கையைக் கவிழ்த்து அவளுடைய உச்சந்தலையில் வைத்து, மெதுவாகத் தன் பக்கம் கொண்டுவந்தார். கை அவருடைய காதுக்கு நேராக வந்து நின்றது. "காது வரைக்கும் வந்துட்டியே" என்றார். அவள் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அவர் கையை இறக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். நான் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து, தெருக்கோடி வரை வேகமாக நடந்தேன். வாங்க வந்த புத்தகத்தை வாங்கவில்லை.

அடுத்த புதன்கிழமை அவள் பின்னறைக்குள் வந்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுதி வைத்திருந்த மன்னிப்பையும் சொல்ல விடவில்லை. "உக்காரு, நேரமாவுது" என்றாள். யாரும் மூடியை எடுக்கவில்லை. அவளே எழுந்தாள்.

"நான் கதவத் தட்டினேன். என் மக கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சா. எனக்கும் எங்கயாவது ஒளிஞ்சுக்கணும்போலத்தான் இருந்துச்சு. நான் வீட்டுக்காரன், நான் எங்க போயி ஒளியறது?" என்று தொடங்கினாள். "தெருவுல எல்லாரும் எங்கிட்ட 'எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க'ன்னு ஒரே மூச்சுல கேக்குறாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கேள்வி இருக்கும்ல, அத யாரும் கேக்கல. என் வீட்டுல எந்த ஸ்விட்ச் எந்த லைட்டுக்குன்னு எனக்குத் தெரியல. தெரியலன்னு கேக்கக் கூச்சமா இருக்கு. அதனால நான் இருட்டுலயே நடக்குறேன்."

திருக்காட்டுப்பள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். என் தோழி உட்கார்ந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குறுக்கு விசாரணை என் வேலை. எழுந்தேன். இருபது கேள்வி கேட்கிற எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"மகள்கிட்ட என்ன பேசணும்னு நெனச்சீங்க?"

அவள் யோசித்தாள். "அவ பேசட்டும்னு நான் காத்துக்கிட்டிருந்தேன். நான் பேசணும்னு அவ காத்துக்கிட்டிருந்திருக்கா. இந்தக் கதையில லீவு முடிஞ்சு போச்சு" என்றாள். பிறகு விதியை மீறி, தன் சொந்தக் குரலில், "எங்க வீட்டுல இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு" என்றாள். விதி மீறலை யாரும் பதிவு செய்யவில்லை.

அந்தப் பதினைந்து நாளும் அவள் எங்கள் பஸ்ஸில் வரவில்லை. ஸ்கூட்டரில் அவளுடைய அத்தா கொண்டுவந்து கல்லூரி வாசலில் விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. பொறாமையாகத்தான் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. என்ன பேசிக்கொண்டு போவீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "வண்டி ஓட்டுறப்ப காத்துல ஒண்ணும் கேக்காதுடி. ரெண்டு பேரும் கத்திக்கிட்டே போவோம்" என்றாள். அவர் கிளம்பின அன்று அவள் கல்லூரிக்கு வரவில்லை. மறுநாள் கண் வீங்கி வந்தாள். யாரும் ஏனென்று கேட்கவில்லை. இந்தத் தடவை நானும் கேட்கவில்லை.

தை மாதத்தில், சபரிலிருந்து லீவில் வந்த அவளுடைய ஊர்க்காரர் ஒருவர் அவளுக்கென்று ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். அதற்கு அடுத்த புதன்கிழமை அவள் புதுச் சுடிதாரில் பின்னறைக்குள் நுழைந்தாள். நல்ல நீலம். கை விரல் நுனி வரைக்கும் இறங்கியிருந்தது. நீளம் கணுக்காலை நெருங்கியது.

"யாரு துணியடி இது?" என்றாள் திருக்காட்டுப்பள்ளி.

"என்னோடதுதான். அத்தா எடுத்தாங்க" என்றாள். "கடைல காதுகிட்டக் கைய வச்சுக் காட்டுனாங்களாம். அப்புறம் நாலு விரல் கூட்டிக் காட்டுனாங்களாம்."

"உனக்கு இருபது வயசு ஆயிடுச்சு. இதுக்கு மேல எங்க வளரப் போற?" என்றேன் நான். "எங்க ஊரு டெய்லர்கிட்டக் குடு. அரை மணி நேரத்துல பிடிச்சுக் குடுத்துடுவாரு."

"வேணாம்" என்றாள். "அவங்க கணக்குல நான் இன்னும் வளந்துக்கிட்டிருக்கேன். இருந்துட்டுப் போறேன்."

தொங்கிய கைகளை இரண்டு மடிப்பு மடித்து மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, மூடிக்குள் கையை விட்டுச் சீட்டு எடுத்தாள்.